பதினோரு குருத்தோலைச் சிலுவைகள்

சேசு மரி சூசை துணை

29.3.2026
குருத்தோலை ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மூத்த மாமாவின் பேத்தி செவ்வாய்க்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள். அவளிடம் ஒரு பொதி கொடுத்துவிடுகிறேன். கருப்பட்டி ஆறு வட்டு, கொழுக்கட்டைக்கு வறுத்த மாவு இரண்டு கிலோ, முருங்கையிலைப் பொடி ஒரு டப்பா. பொடியை அலமாரியில் பூட்டி வைக்காமல் தினமும் கஞ்சியில் கலந்து குடி. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாயோ என்னவோ. நிறுத்தாதே. இவை போக, செய்தித்தாளில் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றும் இருக்கும். கடிதத்தை முழுவதும் படித்த பிறகு அதைப் பிரி.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்த்துவிட்டன. பால்வெட்டு இன்னும் தொடங்கவில்லை. கீழ்ப்புரையிடத்துப் பிலாவில் சக்கை காய்த்துத் தொங்குகிறது, ஏறிப் பறிக்க ஆள் இல்லை. இதையெல்லாம் சொல்லவா பேனாவை எடுத்தேன்? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் என்னதான் பேசுகிறோம், மக்களே? சாப்பிட்டீர்களா, அங்கே மழையா, அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நீ வார்டுக்குப் பொறுப்பாளர் ஆனது கூட மாப்பிள்ளை அப்பாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோவில் வாசலில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ‘உங்களிடம் எப்போது சொன்னாள்?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘நேற்றுத்தான்’ என்று பொய் சொன்னேன். தவக்காலத்தில் கோவில் வாசலில் நின்று சொன்ன பொய்.

நேற்று இரவு ஓலைக் கொழுக்கட்டை அவித்தோம். இரண்டு பேருக்குப் பத்து போதும். ஆனால் கை பழைய கணக்கிலேயே ஓடியதால் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவ்வளவையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்தேன். நெடுந்தூரப் பயணத்தில் கெட்டுப்போகும் என்று அப்பா தடுத்ததால்தான் உனக்கு மாவாக வருகிறது. சிறுபயறை வறுத்து, தொலி நீக்கி, அரைவேக்காடாக வேகவைத்துச் சேர். தேங்காயைக் குறைக்காதே. அங்கே பனையோலை கிடைக்காது, வாழையிலை கிடைத்தால் அதில் வைத்து அவி. மணம் வராது, பரவாயில்லை.

அந்த மணம்தான் எனக்குக் குருத்தோலைச் சனிக்கிழமை. நாங்கள் ஒன்பது பிள்ளைகள். அப்பா, அம்மா, அப்பாவின் அம்மா சேர்த்துப் பன்னிரண்டு வயிறு. பங்குனி வெயிலில் அக்கானி, அதாவது பதநீர், சுரக்கிற காலம் அது. உன் பாட்டா விடியுமுன் பனையேறி இறக்குவார், உன் பாட்டி வெயில் ஏறும்வரை காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். அந்த வேலைக்கு நடுவில்தான் நாற்பது நாள் தவமும். சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. வெள்ளிக்கிழமையில் மீன் ஆகலாம் என்று திருச்சபையே விட்டிருந்தாலும் உன் பாட்டி விடவில்லை. குளச்சலிலிருந்து கூடை சுமந்துவரும் மீன்காரம்மா எங்கள் படலைக் கண்டதும் கூவாமல் கடந்து போவாள். மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும், மாங்காயும் கஞ்சியும், சக்கைக் கூட்டும் கஞ்சியும், மறுபடியும் மரச்சீனி. உலையில் போடும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்துக் கோவிலுக்கென்று தனிக்கலயத்தில் போடுவாள். பன்னிரண்டு பேருக்குப் போதாத அரிசியிலிருந்து ஒரு பிடி! எனக்கு அப்போது கோபம் வரும். இப்போது என் அரிசிப் பாத்திரம் நிறைந்திருக்கிறது, அந்தப் பிடியை எடுக்கத்தான் மறந்துவிடுகிறேன்.

மார்ச் மாதம் சூசையப்பர் வணக்கமாதம். விளக்கு வைத்ததும் ஓலைப்பாயில் வயது வரிசையில் உட்கார வேண்டும். மூத்த மாமா முதலில், சித்தி கடைசியில், அவளுக்கு முன்னால் எட்டாவதாக நான். ஜெபமாலையின் ஒவ்வொரு பத்துமணியையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான்காவது பத்துமணிக்குள் சின்னவர்கள் தூங்கி விழுவோம். சின்ன மாமா எங்கள் காதில் ஓலைக்கீற்றை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டி எழுப்புவார். ஒருநாள் நான் சிரித்துவிட்டேன். எழுந்து நிற்க வைத்து முழு மன்றாட்டுமாலையையும் என்னையே சொல்ல வைத்தாள் உன் பாட்டி. அந்தச் சின்ன மாமாதான் இப்போது பேச்சில்லாமல் படுத்திருக்கிறார். போய்ப் பார்த்தபோது காதில் ஓர் ஓலையை விட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. விடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்துமணி சொல்லிவிட்டு வந்தேன்.

குருத்தோலைச் சனியன்று பாட்டா வடலிகளாகப் பார்த்துக் குருத்து வெட்டிவருவார். வளர்ந்த பனையின் குருத்தில் கைவைத்தால் விளைச்சல் போய்விடும் என்று அவருக்குக் கணக்குண்டு. பெரியம்மா மாவு பிசைவாள். அண்ணன்கள் ஓலை நறுக்குவார்கள். சின்னவர்களுக்கு நார் கிழிக்கிற வேலை. ஓலையின் மடிப்பில் மாவை அமுக்கி, மேல் ஓலையால் மூடி, இரண்டு இடத்தில் கட்டிப் பானையில் அடுக்கி மூடினால், கால்மணி நேரத்தில் பச்சையோலையும் கருப்பட்டியும் சேர்ந்து ஒரு மணம் எழும். ஆனால் அன்று தொடக்கூடாது. மறுநாள் பவனி முடிந்து, பூசை முடிந்து வந்துதான். இரவெல்லாம் அந்த மணத்துக்குள் பசியோடு படுத்திருந்த ஒன்பது பிள்ளைகளை நினைத்துப் பார்.

ஞாயிறு மாலையில் உன் பாட்டி முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மந்திரித்த ஓலையில் சிலுவை முடைவாள். பிள்ளைக்கு ஒரு சிலுவை. அவரவர் படுக்கும் இடத்துக்கு மேலே கூரையில் செருகிக்கொள்வோம். ஒரு வருடம் அங்கேயே காய்ந்து பழுப்பாகும். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் உபதேசியார் வீடு வீடாக வந்து பழைய ஓலைகளை வாங்கிப்போவார். அவற்றை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அதனால் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஒன்பது சிலுவைகளை எண்ணிக் கொடுப்பது என் வேலை. எண் படிக்கத் தொடங்கிய வயது. ஒன்பதும் சரியாக இருக்கும். ஆனால் உன் பாட்டி முடைவது பதினொன்று.

மற்ற இரண்டும் யாருக்கு என்று கேட்டேன். ஒன்று கிணற்றுக்கு, ஒன்று தொழுவத்துக்கு என்றாள். கிணற்றைச் சுற்றி வந்தேன், தொழுவத்தில் ஏறிப் பார்த்தேன். இரண்டிலும் இல்லை.

நான்காம் வகுப்புப் படித்த வருடம். பெரிய வெள்ளியன்று வெறுங்காலோடு நடந்துபோய், மூன்று மணி ஆராதனையில் சிலுவையை முத்தி செய்து, பள்ளிக்கூட முற்றத்தில் கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு வந்திருந்தோம். அன்று தலை சீவக்கூடாது, முற்றம் பெருக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. வியாழன் இரவு வானவர் கீதத்தோடு நின்ற கோவில் மணி அடிக்கவே அடிக்காது. மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். மறுநாள் சனி. பீடம் வெறுமையாகக் கிடக்கும், பகலில் பூசை கிடையாது. 1950-களில் ரோமையில் மாற்றுவதற்கு முன்பு பாஸ்கா பூசையே சனிக்கிழமை காலையில்தான் நடந்தது என்று உன் பாட்டி சொல்லியிருக்கிறாள். இரவுக்கு மாற்றியது நல்லது, பகலில் எனக்கு நேரம் கிடைத்தது என்பாள். எதற்கு நேரம் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சனி விடியற்காலையில் அவள் எழுந்து போவதைப் பார்த்துப் பின்னால் போனேன். கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. கிழக்குச் சுவரை ஒட்டி வெளியே நடந்து, அயினி மரத்தடியில் குந்தினாள். சருகை ஒதுக்கினாள். போன வருடத்துச் சிலுவைகள் இரண்டும் மக்கிக் கிடந்தன. அவற்றின் மேலேயே புதியவற்றைக் குத்தினாள். திரும்பியபோது என்னைக் கண்டாள். அடி விழும் என்று நின்றேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒன்று, ஐந்தாவது அண்ணனுக்கும் ஆறாவதான அக்காவுக்கும் நடுவில். இறந்தே பிறந்தது. மற்றது எனக்கும் உன் சித்திக்கும் நடுவில். ஆண்பிள்ளை. தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க ஆள் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அன்றைய சட்டம். மோட்சத்திலும் சேராமல் நரகத்திலும் சேராமல் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் என்று படிப்பித்தார்கள்.

‘ஏன் அம்மா இன்றைக்கு வருகிறாய்?’ என்று கேட்டேன். ‘விசுவாசப் பிரமாணத்தில் என்ன சொல்கிறாய்? பாதாளத்தில் இறங்கி என்று சொல்கிறாய் அல்லவா? இன்றைக்குத்தான் அவர் இறங்குகிறார். போகிற வழியில் இவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், அடையாளம் வேண்டாமா?’ என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். அந்த ஆண்பிள்ளை போன அன்று, அவள் மாமியார், என் அப்பாவைப் பெற்றவள், கட்டிலருகே நின்று கேட்டாளாம், ‘அக்கானிப் பானை சுமக்காதே என்று அன்றே சொன்னேனே’ என்று. உன் பாட்டி அந்தக் கிழவியைப் பதினாறு வருடம் குளிப்பாட்டிச் சோறூட்டி அடக்கம் செய்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடக்கம் செய்ய முடியவில்லை என்றாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது. அன்று இரவு பாஸ்கா பூசையில் மணி அடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் மணலிலிருந்து துள்ளி எழுந்தன. நான் உன் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோழிக்குழம்பும் ஆப்பமும் காத்திருக்க, தென்னோலைச் சூட்டு வெளிச்சத்தில் வீடு திரும்பிய நடை, புதுச்சட்டை, எல்லாம் உனக்கு நான் நூறு தடவை சொன்னவைதான். இந்த ஒன்றைத்தான் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நானே சொல்லி வைத்திருக்கவாவது வேண்டும்.

வரும் வியாழக்கிழமைப் பூசையில், ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என் காலையும் கழுவப்போகிறார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று மாற்றிய பிறகு, நம் தெருவிலிருந்து நான்தான் முதல். சாமியார் பட்டியல் வாசித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நெஞ்சை அடைத்தது. போன வருடம் அதே வியாழக்கிழமைப் பூசைக்குப் புடவை உடுத்திக்கொண்டிருந்தபோதுதான் உன் போன் வந்தது.

‘அம்மா, போய்விட்டது’ என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. ‘இரவு வேலைக்குப் போகாதே என்று அன்றே சொன்னேனே.’ அதே வார்த்தை, மக்களே. அக்கானிப் பானைக்குப் பதில் இரவு வேலை. ‘சரி அம்மா, வைக்கிறேன்’ என்றாய். நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கோவிலுக்குப் போனேன்.

பயத்தில் சொன்னேன், அதிர்ச்சியில் சொன்னேன் என்றெல்லாம் ஒரு வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. மருத்துவமனை வேலையை என்னைவிட நீ அறிந்தவள். என்ன காரணம் என்று யாருக்குத் தெரியும்? எதுவாக இருந்தாலும், அந்த நேரத்தில் உன்னைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு என்ன உரிமை? அதற்கு மேலும் ஒன்று செய்தேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஏப்ரல் 21, திருத்தந்தை இறந்த செய்தி வந்தது. அன்று நானே உனக்குப் போன் செய்தேன். முதல்நாள்தானே மக்களுக்கு ஆசீர் கொடுத்தார், எவ்வளவு நல்லவர், ஏழைகளுக்காக எவ்வளவு பேசினார் என்று அரைமணி நேரம் சொல்லிச் சொல்லி அழுதேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் வயிறு வெறுமையாகி நான்கு நாள் ஆகியிருந்தது. அவருக்காக அழுதவள் என் பேரப்பிள்ளைக்காக உன் காதுபட ஒரு சொட்டு அழவில்லை. அன்றிலிருந்துதான் உன் போன் மூன்று கேள்வியாகச் சுருங்கியது. அதற்கு உன்னைக் குறை சொல்லித்தான் இந்தக் கடிதத்தையும் தொடங்கினேன்.

ஒப்புரவுக்குப் போனபோது சாமியாரிடம் சொன்னேன். முதலில் மகளிடம் சொல்லுங்கள் என்றார். அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பிள்ளைக்கு, அது கிடைக்காமலே இறந்தாலும், ஆயர் அனுமதியோடு முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று இருக்கிறதாம். 2007-இல் ரோமையில் இறையியலாளர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறார்களாம். உன் பாட்டி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இரண்டு ஓலைத்துண்டை வைத்துக்கொண்டு அவளே முடிவு செய்துவிட்டாள்.

போன மாதம் மாப்பிள்ளை அப்பாவிடம் பேசும்போது, அயர்லாந்திலும் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளை ஊருக்கு வெளியே தனி இடங்களில் புதைத்திருக்கிறார்கள், அவற்றைக் கில்லீன் என்பார்கள், நீங்கள் இருவரும் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று சொன்னாராம். அப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படியில் நின்றேன். என் மகள் யாரோ பெற்ற பிள்ளைகளின் குழியைத் தேடிப் போயிருக்கிறாள், பெற்றவள் நான் எதுவும் கேட்கவில்லையே என்று நின்றேன்.

இப்போது கேட்கிறேன். நம் பிள்ளையை எங்கே வைத்தீர்கள்? ஆணா, பெண்ணா? பார்த்தாயா? பெயர் ஏதாவது நினைத்திருந்தீர்களா? சொல்ல மனமில்லை என்றால் சொல்லாதே. போனில் சொல்ல வராது என்றால் எழுது, இரண்டு வரி போதும். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் நான் படித்துக்கொள்வேன், எழுத்தைப் பெரிதாக்க அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளையையும் சாப்பிட வை. அவரும் இளைத்திருப்பதாக மூத்த மாமாவின் பேத்தி சொன்னாள். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாத்திரையை நிறுத்தாதே, மூன்றாவது முறை சொல்கிறேனோ என்னவோ, இருந்தாலும் நிறுத்தாதே.

இனி அந்தப் பொட்டலத்தைப் பிரி. இன்று காலையில் மந்திரித்த ஓலைதான். பழைய வீட்டு வடலிக்கு அப்பாவை நடக்க வைத்து வெட்டிவரச் சொன்னேன். வருடந்தோறும் உனக்கும் தம்பிக்குமாக இரண்டு முடைவேன். இந்த வருடம் மூன்று. உன்னுடையதும் தம்பியுடையதும் இங்கே கூரையில் இருக்கின்றன. இது சிறியது, என் சுண்டுவிரல் நீளம். கை நடுங்கியதால் ஒரு மூலை சற்றுக் கோணலாகிவிட்டது, அவிழ்த்து முடைந்தால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். வைக்க ஓரிடம் இருந்தால் அங்கே வை. அப்படி இடம் இல்லை என்றால் சமையலறை ஜன்னலில் வை, வெளிச்சம் படட்டும். நிழலில் காயவைத்த பனையோலை, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் மக்காது.

இப்படிக்கு,
அம்மா